பத்துத் தட்டுக்கு ஒரு மைல்கல்

மார்ச் 3, திங்கள்

தினமும் நடந்ததைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நான் வாயால் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. தப்பாக எழுதினால் அது போனின் தப்பு. சரியாக எழுதினால் என் உச்சரிப்பு.

பெயர் செங்கோடன். வயது ஐம்பத்தொன்பது. சங்ககிரி லாரித் தொழிலில் என்னைத் தெரியாதவர் இல்லை. தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் ஊருக்குப் புதுசு. இருபத்தேழு வருடம் பத்துச் சக்கர வண்டி ஓட்டினேன். நாக்பூரில் நான் வண்டியை ஓரம் கட்டினால் போலீஸ்காரர் டீ வாங்கி வந்து கொடுப்பார். படிப்பு எட்டாவது. பாஷை ஒன்பது. நாலு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை ஏறி இரண்டு கண்ணும் போய்விட்டன. பெரிய டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு தைரியசாலியைத் தன் சர்வீஸில் கண்டதில்லை என்றார்.

பெங்களூர் கம்பெனி ஒன்று பார்வை இல்லாதவர்களும் கை வராதவர்களும் பயன்படுத்த ஒரு வெள்ளைப் பலகை செய்திருக்கிறது. அதை நாலு வாரம் சோதித்துச் சொல்ல இந்தியா முழுக்கத் தேடி முன்னூறு பேரில் என்னைப் பிடித்தார்கள். லேப்டாப் கூரியரில் வந்துவிட்டது.

வீட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம்தான். வீட்டம்மா மட்டும் ஓசூரில் மகன் வீட்டில். பேரன் பிறந்ததற்கு ஒத்தாசைக்குப் போனவள், இதோ வந்துவிடுவாள்.

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளைப் பலகை என்றால் பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி. ஆனால் சுவர் கிடையாது, இன்டர்நெட்டில் தொங்குகிறது. ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு எல்லோரும் அதே பலகையில் சீட்டு ஒட்டலாம், நகர்த்தலாம், கோடு இழுக்கலாம். அதிலேயே பேசவும் செய்யலாம். எல்லை என்பதே இல்லையாம். தார் ரோடு போடாத ராஜஸ்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

லேப்டாப்புக்குள் ஒரு பெண்குரல் உண்டு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். நான் பெட்டிக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். டேப் சாவியைத் தட்டினால் அடுத்த சீட்டுக்குப் போவாள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வாள். அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டாள். இடமா வலமா, மேலா கீழா, மூச்.

வேறு ஆளாக இருந்தால் பயந்திருப்பான். நான் யோசித்தேன். இருட்டில், மூடுபனியில், விளக்கு அவிந்த வண்டியை நான் எப்படி ஓட்டினேன்? மைல்கல்லை எண்ணித்தானே? அதனால் ஒரு முறை வகுத்தேன். வலப்பக்க அம்புச் சாவியைப் பத்துத் தடவை தட்டினால் ஒரு மைல். ஒரு மைலுக்கு ஒரு சீட்டு. முதல் சீட்டு சங்ககிரி. அடுத்தது சேலம். கடைசி நாக்பூர். இனி பலகையில் எங்கே நின்றாலும் எனக்கு ஊர் தெரியும்.

இந்த முறைக்கு என் பெயரையே வைக்கச் சொல்லிக் கம்பெனியில் கேட்கலாம்.

மார்ச் 6, வியாழன்

பதினேழு கல் நட்டாயிற்று. நாக்பூர் வந்துவிட்டது. விரல் வலி.

மார்ச் 7, வெள்ளி

முதல் மீட்டிங். வெள்ளிதோறும் காலை பதினொன்றுக்கு. நடத்துவது நஸ்ரின் என்ற பெண், கம்பெனி ஆள், மரியாதையான குரல். "சூப்பர் அங்கிள், பதினேழு சீட்டும் ஏறியிருக்கு" என்றாள். அவள் பலகையைப் பார்ப்பதில்லை. வேலை முடிந்ததா இல்லையா என்று ஒரு பட்டியல் அவளுக்குத் தனியாக வருமாம், அதைத்தான் பார்க்கிறாள். விண்ணப்பித்தவர்களே இரண்டு பேர்தான் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டாள். மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேரும் பயந்துவிட்டார்கள் போல.

இன்னொருவர் ரெஜினா. தூத்துக்குடி. ஷிப்பிங் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர், ஒன்பது வருடமாகக் கை இரண்டும் வராது. கண் நன்றாகத் தெரியும். நஸ்ரின் போன பிறகும் அவர் லைனில் இருந்தார்.

"அண்ணாச்சி, இருக்கியளா?"

"இருக்கறனுங்க அம்மணி."

"ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"எனக்குக் கோபமே வராதுங்க. நாக்பூர்ல ஒருக்கா..."

"அந்த நாக்பூரப் பத்தித்தான் சொல்ல வாரேன். ஒங்க நாக்பூரும் சங்ககிரியும் ஒரே எடத்துல கெடக்கு."

எனக்குப் புரியவில்லை.

"பதினேழும் ஒண்ணு மேல ஒண்ணா கெடக்கு அண்ணாச்சி. மேல நாக்பூர் மட்டுந்தான் தெரியுது. அடியில எந்தெந்த ஊரு நசுங்குதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்."

புதுச் சீட்டு எப்போதும் திரையின் நடுவில்தான் வந்து விழுமாம். அம்புச் சாவியைத் தட்டியதில் நானும் நகரவில்லை, பலகையும் நகரவில்லை. மூன்று நாள் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறேன்.

"தெரிஞ்சுதானுங்க செஞ்சேன்" என்றேன். "லாரியில லோடு அடுக்கறதே அப்படித்தானுங்க."

"ஓ, லோடா? அப்ப தார்ப்பாய் போட்டு மூடிருவமா?"

சிரித்தார். நல்ல சிரிப்புதான். எனக்கு வேலை இருந்ததால் வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

பலகைப் பக்கம் போகவில்லை. வீட்டில் விருந்தாளிகள்.

மார்ச் 10, திங்கள்

இந்த வார வேலை: பன்னிரண்டு சீட்டில் காய், பழம், தானியம் என்று எழுதி மூன்று கட்டத்துக்குள் பிரித்து வைக்க வேண்டும். நான் உள்ளே போனபோது ரெஜினா ஏற்கெனவே இருந்தார். அவருக்கும் அதே வேலை, தனிக் கட்டங்களில்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொன்னார். நெற்றியில் பளபளப்பான ஒரு புள்ளியை ஒட்டிக்கொள்வாராம். தலை திரும்பும் பக்கமெல்லாம் திரையில் அம்பும் போகும். ஓர் இடத்தில் இரண்டு நொடி நிறுத்தினால் கிளிக்.

"எங்க வீட்டுல யாரும் பொட்டு வைக்க மாட்டோம். கடைசில கம்ப்யூட்டர் வச்சு விட்டுருச்சு பாத்தியளா?"

சீட்டை நகர்த்துவது அவருக்குச் சுலபம். எழுதுவதுதான் கொடுமை. சோதனைக்காக அவர் வாயால் சொல்லக் கூடாதாம், தலையால் மட்டும்தான் எழுத வேண்டுமாம். ஒவ்வோர் எழுத்துக்கும் தலையைத் திருப்பி நிறுத்த வேண்டும். "கத்தரிக்காய்னு எழுதறதுக்குள்ள கழுத்து சுளுக்கிருது அண்ணாச்சி."

எனக்கு நேர் எதிர். வாயால் சொன்னால் நூறு காய் எழுதுவேன். எங்கே போய் விழுகிறது என்றுதான் தெரியாது.

யார் முதலில் சொன்னது என்று ஞாபகம் இல்லை. நானாகத்தான் இருக்கும். அவருடைய பன்னிரண்டையும் நான் சொல்லி எழுதினேன். என்னுடைய பன்னிரண்டையும் அவர் கட்டத்துக்குள் தள்ளினார். இருபது நிமிடத்தில் இருவர் வேலையும் முடிந்தது. பட்டியலில் யார் நகர்த்தினார்கள் என்றெல்லாம் வராது. முடிந்ததா என்று மட்டும்தான் வரும்.

மார்ச் 12, புதன்

வேலை முடிந்தும் பலகையில்தான் இருந்தோம். ரெஜினாவின் தங்கை பள்ளி ஆசிரியை. காலை எட்டுக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவாராம். "நாள் முழுக்க எங்க வீட்டுல ஃபேன் மட்டுந்தான் பேசும்" என்றார்.

எங்கள் வீடு அப்படி இல்லை என்று சொன்னேன். அண்ணன் மக்கள், பங்காளிகள், பழைய கிளீனர்கள் என்று தினம் எட்டுப் பேருக்காவது சோறு வைக்க வேண்டியிருக்கும், பேச நேரம் கிடைப்பதே பெரிது என்றேன்.

"அப்படியா அண்ணாச்சி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மெஸ்ஸிலிருந்து சாப்பாடு கொண்டுவரும் பாவாயி மதியம் ஒரு மணி நேரம் நின்று ஊர்க்கதை பேசிவிட்டுப் போனாள்.

மார்ச் 14, வெள்ளி

நஸ்ரினுக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு பேரும் நூத்துக்கு நூறு! எங்க டீம்ல யாருமே நம்பல அங்கிள்." நான் அடக்கமாக இருந்தேன். இதெல்லாம் ரோட்டில் கற்றது என்று மட்டும் சொன்னேன்.

கடைசி வெள்ளி, இருபத்தெட்டாம் தேதி, நாங்கள் இருவரும் எங்கள் முடிவைச் சொல்ல வேண்டும். பயன்படுத்த முடியும் என்று சொன்னால் ஜூனில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் பலகை போகும். எங்களுக்கும் இன்னும் ஆறு மாதம் வேலை. முடியாது என்றால் திருப்பிச் செய்ய ஒரு வருடம் ஆகும். சோதனை அதோடு முடிந்தது, இந்தப் பலகையையும் மூடிவிடுவார்கள்.

"ஆறு மாசம் அண்ணாச்சி" என்றார் ரெஜினா பிறகு. குரல் வேறு மாதிரி இருந்தது. "காலைல எந்திரிச்சா ஒரு சோலி இருக்கும்."

"பாஸ்தானுங்க அம்மணி, அதுல என்னுங்க சந்தேகம்" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

ரெஜினா சர்ச்சுக்குப் போயிருப்பார். பலகையில் நான் மட்டும். கருவி சரியாக இயங்குகிறதா என்று பார்க்க டேப் தட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய். கொய்யா. சோளம். அப்புறம் ஒரு புதுச் சீட்டு: "அண்ணாச்சி சாப்பிட்டாச்சா."

இதைத் தலையால் எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். பெட்டிக்காரியின் உச்சரிப்பைச் சோதிக்க ஒன்பது தடவை படிக்க வைத்தேன்.

மகன் மாலை கூப்பிட்டான். பேரனை யூகேஜியில் சேர்த்துவிட்டார்களாம். வீட்டம்மாவுக்குப் பேச நேரமில்லை, பக்கத்தில் இருந்தும் கை ஈரமாம்.

மார்ச் 19, புதன்

பாவாயி "அண்ணே, வெச்சுட்டனுங்க" என்று வாசலில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். இன்று அவளுக்கு அவசரம் போல.

மார்ச் 21, வெள்ளி

இன்றைய மீட்டிங்குக்குப் பள்ளி ஒன்றிலிருந்து பரிமளா டீச்சரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் வந்தார்கள். டீச்சருக்கும் பார்வை கிடையாது, பிள்ளைக்கும் கிடையாது. பெயர் இலக்கியா. ஒரு வாரமாகப் பலகையைக் கொடுத்துப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். நஸ்ரின், "எனக்கு இன்னொரு மீட்டிங் அங்கிள், நீங்கதான் எக்ஸ்பர்ட், பாத்துக்கோங்க" என்று கிளம்பிவிட்டாள்.

பிள்ளை சூரியக் குடும்பம் செய்திருந்தது. நடுவில் சூரியன், சுற்றிலும் எட்டுக் கிரகம், ஒன்பது சீட்டு.

"மாமா, அம்புச் சாவிய எண்ணி எண்ணி வெச்சேன். புதனுக்கு அஞ்சு, வெள்ளிக்குப் பத்து. சூரியனச் சுத்தி எல்லாம் இருக்கா மாமா?"

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ரெஜினா, "பாப்பா, அது வந்து..." என்று இழுத்தார். நான் முந்திக்கொண்டேன். "அற்புதமா இருக்குது கண்ணு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "சனிக்கு வளையம் மாட்டின மாதிரியே வந்திருக்குது" என்றும் சொன்னேன்.

"நெசமாவா மாமா? டீச்சர், கேட்டீங்களா? திங்கக்கெழம கண்காட்சில இதையே காட்டறேன். வேற ஸ்கூல் பசங்கல்லாம் வராங்க."

அவர்கள் போன பிறகும் ரெஜினா லைனில்தான் இருந்தார். ஃபேன் சத்தம் கேட்டது.

மார்ச் 22, சனி

வெயில் அதிகம்.

மார்ச் 23, ஞாயிறு

டீச்சர் நம்பர் என்னிடம் இல்லை. ரெஜினாவிடம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார். கேட்கவில்லை. கண்காட்சி நாளைதான். யாராவது பார்த்துச் சரிசெய்திருப்பார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

யாரும் சரிசெய்யவில்லை.

டீச்சர் ரெஜினாவைக் கூப்பிட்டிருக்கிறார். பெரிய திரையில் போட்டுக் காட்டினார்களாம். இலக்கியா மைக்கில் சூரியனில் ஆரம்பித்து ஒவ்வொரு கிரகமாக விளக்கியிருக்கிறாள். திரையில் ஒரே ஒரு சீட்டு. அதில் நெப்டியூன் என்று எழுதியிருந்தது. வந்த பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இவள் தான் ஏதோ தமாஷாகச் சொல்லிவிட்டதாக நினைத்து முதலில் கூடச் சிரித்தாளாம். அப்புறம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"'அந்த மாமா பாத்துட்டு நல்லாருக்குன்னாரே'ன்னு டீச்சர்ட்ட கேட்டிருக்கு" என்றார் ரெஜினா. "ஒங்களுக்குக் கண்ணு தெரியும்னு நெனச்சுக்கிட்டிருக்கு அண்ணாச்சி. வளையம்லாம் சொன்னியள்ல."

"நீங்க சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி."

"சொல்லியிருக்கலாம். எனக்கும் அந்த ஆறு மாசம் வேணும்னு இருந்துச்சு." பிறகு, "ஒங்கள மட்டும் சொல்லி என்ன, ஒங்க சீட்டையெல்லாம் நகத்துனது என் தலைதான" என்றார்.

அன்றைக்கு என் பதினேழு ஊரும் ஒரே இடத்தில் கிடந்தபோது பார்த்தது அவர் ஒருவர். இந்தப் பிள்ளைக்கு ஒரு கண்காட்சியே பார்த்திருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

நாளை முடிவு சொல்ல வேண்டும். ரெஜினா, "நான் சொல்லிருதேன் அண்ணாச்சி, நீங்க சும்மா இருங்க" என்றார். வேண்டாம் என்றேன். என் வாயிலிருந்து போனதை என் வாயால்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

சொல்லிவிட்டால் பலகை போய்விடும். பகல் பதினொன்றிலிருந்து மாலை ஐந்துவரை நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது.

ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

டீச்சரையும் பிள்ளையையும் அழைக்கச் சொல்லி நான்தான் நஸ்ரினிடம் கேட்டேன். வந்தார்கள். நஸ்ரின் உற்சாகமாக ஆரம்பித்தாள். "அப்போ அங்கிள், பார்வை இல்லாத ஒருத்தர் இந்தப் பலகையைத் தனியா யூஸ் பண்ண முடியும்னு எழுதிக்கலாமா?"

"முடியாதுங்க" என்றேன்.

"அங்கிள்?"

"எனக்கு ஒரு சீட்டு எங்க இருக்குதுன்னு ஒரு நாளும் தெரிஞ்சதில்லைங்க அம்மணி. நான் எழுதுவேன், ரெஜினா அம்மணி நகத்துவாங்க. அவங்க எழுத வேண்டியத நான் எழுதினேன். உங்க பட்டியல்ல ரெண்டு ஆளு பாஸுங்க. ஆனா ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு ஆளு."

முதல் வாரக் கதையையும் சொன்னேன். நூற்று எழுபது சீட்டை ஒரே இடத்தில் குவித்தேன் என்று சொன்னேன். "பதினேழு" என்று ரெஜினா இடையில் திருத்தினார். சரி, பதினேழு.

பிறகு பிள்ளையைக் கூப்பிட்டேன். "இலக்கியா, எனக்கும் கண்ணு தெரியாது கண்ணு."

"பொய் சொல்றீங்க. சனிக்கு வளையம்லாம் பாத்தீங்களே."

"அது சும்மா வாயில வந்துச்சு. நான் எதையும் பாக்கல."

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார், அவள் விடவில்லை.

"ஸ்கூல்ல எல்லாரும் என்னை நெப்டியூன்னுதான் கூப்பிடறாங்க மாமா."

"எம்மேல தப்பு கண்ணு."

"நீங்க அன்னைக்கே 'ஒரே எடத்துல கெடக்கு'ன்னு சொல்லியிருந்தா, நான் அழுதிருப்பேன். அவ்ளோதான். அன்னைக்கு உங்க முன்னாடி மட்டும் அழுதிருப்பேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்பது பாஷையிலும் இல்லை. எனக்கு ஒன்பது பாஷை தெரியாது. மூன்று தெரியும், அதிலும் இந்தியில் டீசல் போடவும் வழி கேட்கவும் மட்டும்தான் தெரியும்.

பலகையைத் தானும் ஒரு தடவை திறந்து பார்த்திருக்க வேண்டும் என்றாள் நஸ்ரின். சீட்டு எந்தப் பக்கம், எதற்குப் பக்கத்தில் என்று குரல் சொல்லும்படி முதலிலிருந்து செய்யப் போகிறார்களாம். ஒரு வருடம். ஜூனில் பள்ளிக்குப் போகாது. "தேவைப்பட்டா கூப்பிடறேன் அங்கிள்" என்றாள். லாரி ஆபீஸில் அந்த வார்த்தையை நிறையக் கேட்டிருக்கிறேன், அர்த்தம் தெரியும்.

மார்ச் 31, திங்கள்

பலகை மாலை ஐந்து மணிக்கு மூடப்படும் என்று செய்தி. இருவரும் மூன்றிலிருந்தே உள்ளே இருந்தோம். ரெஜினா ஒவ்வொரு சீட்டாக அழித்துக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் பழக்கம், மேசையைச் சுத்தமாக விட்டுவிட்டுத்தான் போவாராம்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா சொல்லுவியளா? வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

அண்ணன் மக்கள் என்று ஆரம்பிக்கப் போனேன். வாய் வரவில்லை.

"யாருமில்லீங்க அம்மணி. சம்சாரம் ஓசூர் போயி அஞ்சு வருசமாச்சு. அங்க எனக்கு எடமில்லைன்னு யாரும் சொல்லல. வாங்கன்னும் சொல்லல."

"தெரியும்."

"எப்படிங்க?"

"எட்டுப் பேருக்குச் சோறு பொங்குத வீட்டுல ஒரு நாளாவது குக்கர் விசில் கேக்காண்டாமா?"

சிரித்தார். இந்தத் தடவை நான் வைக்கவில்லை. "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தங்கச்சி இருப்பா, போனப் புடிச்சுக் குடுப்பா" என்று நம்பரை இரண்டு தடவை சொன்னார். ஐந்து மணிக்குப் பெட்டிக்காரி, இணைப்பு முடிந்தது என்றாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆறு மணிவரை காத்திருந்தேன். ஆறே கால் ஆகட்டும், இல்லையென்றால் இதற்காகவே உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும் என்று அதையும் விட்டேன். பிறகு கூப்பிட்டேன். தங்கை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"என்ன அண்ணாச்சி, என்ன விசேஷம்?"

யார் இப்படிக் கேட்டாலும் என்னிடம் ஏழெட்டு விசேஷம் தயாராக இருக்கும். தேடினேன்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி."

"சரி, அந்த ஒண்ணுமில்லாததச் சொல்லுங்க."

சொன்னேன். காலையில் பாவாயி வைத்துவிட்டுப் போன உப்புமாவில் உப்பு குறைவு. லேப்டாப்பைக் கூரியர்காரன் வாங்கிக்கொண்டு போனான். மதியம் தூங்கினேன். உள்ளதை உள்ளபடி சொன்னதில் என்னுடைய ஒரு நாள் மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கச் சொல்லவில்லை. நானும் வைக்கவில்லை.